நல்லெண்ணெயா, நல்ல எண்ணெயா

அந்த டொக்டர் சொன்னது நல்லெண்ணெயா, நல்ல எண்ணெயா?

எழுதினால் வித்தியாசம் தெரிகிறது. முதலாவது எள்ளை ஆட்டி எடுப்பது, எங்கள் எல்லோருடைய குசினியிலும் இருப்பது. இரண்டாவது உடம்புக்குக் கெடுதல் செய்யாத ஏதோ ஓர் எண்ணெய். அது எது என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். வாயால் சொல்லும்போது, அதுவும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகச் சொல்லும்போது, இரண்டும் ஒரே சத்தம்தான். நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அரிசி களையும்போது, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, மகளைத் தட்டி நித்திரையாக்கும்போது, அந்த டொக்டரின் குரலிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்றாகக் கேட்கிறது. அடுத்த நாள் மற்றதாகக் கேட்கிறது.

என் கணவருக்கு இரத்தத்தில் சீனியும் கூடுதல், கொழுப்பும் கூடுதல். அவருடைய தகப்பன், என் மாமா, நாற்பது தாண்டிய கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போனவர். என் கணவருக்கும் நாற்பது தூரத்தில் இல்லை. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அதனால்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இப்படி அலைகிறேன்.

நாங்கள் புங்குடுதீவுக்காரர். எங்கள் தீவு ஆண்கள் பலரைப்போல அவரும் தெற்கே மலைநாட்டுப் பட்டினம் ஒன்றில் கடை வைத்திருந்தார். கலியாணம் முடிந்து நானும் அங்கே போய், கடைக்குப் பின்னாலிருந்த அறைகளில் குடித்தனம் நடத்தினேன். அப்போது அவர் ஓரிடத்தில் இருக்காத மனிதர். விடியலில் லொறியில் வரும் மூட்டைகளைத் தானே இறக்குவார். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடி முடிப்பார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. நான் அப்போது பிள்ளைத்தாச்சி. முகாம், கப்பல், காங்கேசன்துறை, பஸ் என்று மாறி மாறி வந்து, மடத்துவெளியில் எனக்குச் சீதனமாகத் தந்திருந்த வீட்டின் திறப்பை அயலில் வாங்கிக் கதவைத் திறந்தோம்.

வந்த பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்குத் தோட்டக்காணி இல்லை, பனங்காணிதான். விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, வாசல் படலையைப் பார்த்தபடி இருப்பார். மாமியின் வளவு எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் நாள் முழுக்கச் சாப்பாடு வந்தது. முதற்பால் விட்ட சொதி, தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டு, தேங்காயெண்ணெயில் பொரித்த மீன். “கப்பலிலை வந்த பிள்ளை, தேற வேணும்” என்பார் மாமி. பிள்ளை தேறினார். தோளெலும்பு தெரிய வந்த மனிதருக்கு வயிற்றின் மேலே கட்டிய சாரம் நிற்காமல் வழுக்கத் தொடங்கியது.

பிறகு தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு காலை, மாமி பொட்டுக்குள்ளால் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அவன் பின்பக்கம் பனையடியிலை ஒண்டுக்குப் போறவனெல்லே. அந்த இடத்தைப் போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். எறும்பு கோடு கட்டி நின்றது.

“மாமாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது” என்று சொல்லிவிட்டு மாமி மூக்கைச் சிந்தினார்.

சண்டை ஓய்ந்து பண்ணைப் பாலத்தால் பஸ் போகக்கூடிய ஒரு நாள் பார்த்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போனோம். தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டொக்டரிடம் இரத்தம் சோதிக்கக் கொடுத்து, இன்னொரு நாள் முடிவுக்காகப் போனோம். அன்றைக்கு எங்கள் முறை வந்து உள்ளே போய் இருந்ததும் வானத்தில் ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. வெளியே கடைக் கதவுகள் சடசடவென்று பூட்டப்பட்டன. டொக்டர் எழும்பிவிட்டார். மகள் என் மடியில் வீரிட்டு அழுதாள். ஒரு கையில் எங்கள் முடிவுத் துண்டும் மறு கையில் தன் பையுமாக நின்றபடிதான் எல்லாவற்றையும் சொன்னார்.

“சீனியும் இருக்கு, கொழுப்பும் இருக்கு. சீனியை அடியோட விடுங்கோ. சோத்தைக் குறையுங்கோ. கொஞ்சம் நடவுங்கோ. தேங்காயெண்ணை, தேங்காய்ப்பால் எல்லாம் நிப்பாட்டிப்போட்டு…”

இந்த இடத்தில்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை. எப்படி எழுதினாலும் நானே ஒன்றைத் தீர்மானித்ததாகிவிடும். அந்த எண்ணெயைப் “பாவியுங்கோ” என்றார். குளிசையும், சலத்தில், அதுதான் சிறுநீரில், சீனி சோதிக்க நீலக் கரைசல் ஒரு போத்தலும் வாங்கச் சொன்னார். அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த மாதம் சண்டையால் பாதை இல்லை. அதற்கடுத்த தடவை நாங்கள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். எந்த நாடு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

முடிவு கேட்ட அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவரின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“இஞ்சேரும், பயந்த அளவுக்கு ஒண்டுமில்லை. நல்லெண்ணை பாவிக்கட்டாம்.”

நானும் அப்படித்தான் கேட்டிருந்தேன். அல்லது அவர் சொன்ன பிறகு அப்படிக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாமிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. “நீ பிள்ளைப்பெத்துக் கிடக்கேக்கை நான் என்ன தந்தனான்? முட்டையும் நல்லெண்ணையும். பெட்டையள் பெரிய பிள்ளையானால் என்ன குடுக்கிறது? நல்லெண்ணை. உந்த டொக்டர்மார் இப்பதான் படிச்சு முடிச்சிருக்கினம். பேரிலேயே நல்லது எண்டு கிடக்கல்லோ!”

எங்கள் பக்கத்தில் நல்லெண்ணெய் பாதி மருந்து. இடுப்புக்கும் நாரிக்கும் பலம், உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லோரும் நம்புகிற பொருள். அதை டொக்டரும் சொல்லிவிட்டார் என்றதும் மீதிப் பாதியும் மருந்தாகிவிட்டது. மருந்தைக் குறைத்துக் கொடுக்க யாருக்காவது மனம் வருமா? உழுத்தம்மாக் களியில் குழி செய்து நல்லெண்ணெயை விட்டார் மாமி. கத்தரிக்காயை அதில் மிதக்க விட்டார். தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதுவே. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி வேறு. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு மீசையைத் துடைப்பார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள் நான். மிருகக் கொழுப்பைக் குறைக்க வேண்டும், தாவர எண்ணெய் நல்லது என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அப்படியென்றால் தேங்காய் மட்டும் ஏன் கூடாது? தென்னை தாவரம் இல்லையா? தேங்காயெண்ணெய் குளிரில் உறைகிறது, நெய்யைப்போல. மலைநாட்டில் காலை வேளைகளில் போத்தலை வெயிலில் வைத்துத்தான் எடுப்போம். நல்லெண்ணெய் அங்கேயும் உறைந்ததில்லை. அதுதான் காரணமாக இருக்குமோ? தமிழ் வாத்தியார் எள்ளின் நெய்தான் எண்ணெய் என்று பிரித்துச் சொல்லித் தந்தது ஞாபகம் வரும். அந்தக் கணக்கில் தேங்காயெண்ணெய் என்று சொல்வதே பிழை. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பேன், அடுப்பில் கறி அடிப்பிடிக்கும்.

சோதனையை நானே செய்தேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குளுக்கோசுக்குச் செய்த அதே சோதனைதான். குழாயில் நீலக் கரைசலை விட்டு, அதில் சில துளி சலத்தை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், தோடம்பழ நிறம், கடைசியில் செங்கல் நிறம் என்று ஏறிக்கொண்டு போகும். குசினிக்கு வெளியே கிணற்றடிப் பக்கம் குந்தியிருந்து நான் இதைச் செய்வதை மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார்.

“படிச்ச பெட்டை எண்டு தேடிக் கட்டி வைச்சது, இருந்து சலம் காய்ச்சவோ?”

“விடணை அம்மா” என்றார் கதிரையில் இருந்த மகன். “கடையிலை எனக்குத் தேத்தண்ணி ஊத்தினவ. இப்ப இதை ஊத்திப் பழகிறா.”

நிறம் பச்சையில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது எனக்கு நிம்மதியைத் தந்திருக்க வேண்டும். பச்சை என்றால் நல்லெண்ணெய் வேலை செய்கிறது என்று அர்த்தமா? அல்லது இன்னும் கொஞ்சம் விட்டால் நீலமாகும் என்று அர்த்தமா? அல்லது எண்ணெயே விடாமல் இருந்தால் நீலமாகியிருக்குமா? கொழுப்பை அந்தக் குழாயில் பார்க்க முடியாது. அதற்குப் பட்டணம் போக வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான், ரயில் ஓடத் தொடங்கியிருந்த ஒரு லீவில், மச்சாள் கொழும்பிலிருந்து வந்தார். என் கணவரின் தமக்கை. பையைத் திறந்து மகளுக்குச் சட்டையும் மாமிக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட இருந்தவர் தம்பியின் சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்ததும் கையை உதறினார்.

“என்னடா தம்பி, நல்லெண்ணைக்குள்ளை நீந்துறாய்?”

“டொக்டர் சொன்னவர்” என்றார் மாமி பெருமையாக.

மச்சாள் பீங்கானையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“எணை அம்மா, அந்த மனுசன் நல்ல, எண்ணை எண்டல்லோ சொல்லியிருப்பார்! நல்லதாய் ஒரு எண்ணை. கொழும்பிலை இப்ப எல்லா டொக்டர்மாரும் அதைத்தானே சொல்லுகினம். உடனை தீவார் எல்லாரும் எள்ளை ஆட்டிப்போட்டியள்!”

“நீ எப்ப தொடக்கம் கொழும்பிலை பிறந்தனி?” என்றார் மாமி.

மச்சாள் எழுந்து போய்ப் பையின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தார். சோளப்பொத்தியின் படம் ஒட்டியிருந்தது. உள்ளே எண்ணெய் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மணமே இல்லை.

“இருதய வருத்தக்காரருக்கு இதுதான். தேங்காயைக் குசினிப் பக்கமும் எடுக்கக்கூடாது.” என் பக்கம் திரும்பினார். “இவையள் தெரியாதவை. நீர் படிச்சனீர். எந்த எண்ணை எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

நான் மச்சாளின் பீங்கானில் சோற்றைப் போட்டேன். ஹெலி, மகளின் அழுகை, கடைக் கதவுகள் என்று அவரிடம் சொன்னால் சாக்குப்போலத்தான் கேட்கும்.

“எள்ளுப் பிண்ணாக்கும் மாட்டுக்கு, சோளமும் மாட்டுக்கு” என்றார் என் கணவர். “நான் எந்த மாடு எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. சோறு ஆறுது.”

மச்சாள் போன பிறகும் அவர் சொன்னது என் காதில் நின்றது. நீர் படிச்சனீர். அதனால் படித்தவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். தேங்காய் துருவும் திருவலையை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். நல்லெண்ணெய்ப் போத்தலை முழுக்குக்கு மட்டும் என்று குளிக்கும் இடத்துக்கு மாற்றினேன். சோள எண்ணெயில் சமைத்தேன். தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி வைக்க வேண்டுமே என்று பசும்பாலை விட்டேன். தேசிக்காய்ப் புளியைப் பிழிந்ததும் திரைந்து போனது.

“இஞ்சேரும், இது சொதியோ, உடுப்புத் தோய்ச்ச தண்ணியோ?”

“உங்கட நன்மைக்குத்தானே.”

“நன்மை தெரியுது. சொதியைத்தான் காணேல்லை.”

சொதி இல்லாவிட்டால் புட்டு தொண்டையால் இறங்காது. ஆகவே புட்டுக்கு வாழைப்பழத்தைக் குழைத்துக் கொடுத்தேன். பழம்தானே, கொழுப்பு இல்லையே என்று நினைத்தேன். இரண்டு பழம் கேட்டபோது இரண்டும் கொடுத்தேன். கறி சப்பென்று இருந்ததால் அவர் சோற்றை இன்னொரு அகப்பை போடச் சொன்னார். நாக்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று வாழைக்காய் பொரித்தேன், வடை சுட்டேன். நல்ல எண்ணெய் என்ற பிறகு பொரிப்பதற்கு என்ன பயம்? அந்தப் போத்தல் கொழும்பிலிருந்து யாராவது வந்தால்தான் வரும். அதனால் தாச்சியில் மிஞ்சியதை வடித்து வைத்து, அதிலேயே திரும்பத் திரும்பப் பொரித்தேன். தண்ணீர்போல இருந்த எண்ணெய் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

குழாயில் பச்சை மறைந்து மஞ்சள் வந்தது. பிறகு தோடம்பழ நிறம். ஒரு காலை செங்கல் நிறம்.

குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் செங்கல்.

கிணற்றுக்கட்டில் இருந்து யோசித்தேன். சோள எண்ணெய் கூடாதா? அல்லது கறுத்துப்போன எண்ணெய் கூடாதா? வாழைப்பழமா? அப்போதுதான் டொக்டர் எண்ணெய்க்கு முன்னால் சொன்னது ஞாபகம் வந்தது. சோத்தைக் குறையுங்கோ. அந்தச் சொல்லில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ எங்களில் ஒருவரும் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. நாங்கள் எல்லோரும் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருக்க, பீங்கானில் சோறு உயர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

சரி, விடை கிடைத்துவிட்டது என்று அரை நாள் இருந்தேன். எண்ணெய் எதுவாக இருந்தாலும், சோற்றையும் புட்டையும் அளந்து வைத்தால் நிறம் இறங்கும். அளந்து வைத்தேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். அவர் இன்னொரு அகப்பை கேட்காமல் எழுந்து கை கழுவினார். அவ்வளவு பணிவு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நிறமோ இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். பசும்பால் சொதியைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

“அப்பாச்சி வீட்டுச் சொதி வேணும்.”

“அங்கை ஏது சொதி?”

“அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் வைக்கிறவ. எனக்கும் தந்தவ.”

பீங்கானை அப்படியே வைத்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனேன். மாமியின் குசினி வாசலில் பலகையில் என் கணவர் இருந்தார். முன்னால் வாழையிலையில் புட்டு, பொரித்த திரளிமீன். மாமி பக்கத்தில் குந்தியிருந்து சொதியை அகப்பையால் விட்டுக்கொண்டிருந்தார். சற்று முன்னர்தான் என் வீட்டில் அளந்து வைத்ததைச் சாப்பிட்டு எழும்பிய மனிதர்.

என்னைக் கண்டதும் அவர் கை இலையில் நின்றது. மாமி அகப்பையை வைக்கவில்லை.

“சாப்பிடட்டும் பிள்ளை. கையிலை எடுத்ததை விடச் சொல்லாதை.”

“மாமி, நான் அங்கை என்ன பாடு படுறன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும். நானும் பட்டனான்.” மாமி என்னைப் பார்க்காமல் சொதிச் சட்டியைப் பார்த்துச் சொன்னார். “என்ர மனுசன் கடையிலையிருந்து லீவிலை வரேக்கையெல்லாம் பரியாரி சொன்னபடி கஞ்சியும் கீரையும்தான். தேங்காய் தொடேல்லை. உப்புத் தொடேல்லை. ‘எடியேய், ஒரு நாளைக்கு ஒரு சொதி வையடி’ எண்டு கேட்டவர். ஏலாது எண்டு சொன்னனான். அந்தப் பயணம் போனவர்தான். அங்கையே கண்ணை மூடிப்போட்டார். கேட்ட சொதியையாவது குடுத்திருக்கலாம்.”

நான் எதற்குப் போனேன் என்பது எனக்கு மறந்துபோனது. சண்டை பிடிக்க வந்தவளுக்கு நிற்க இடமில்லாமல் போன மாதிரி இருந்தது. திரும்பிப் பொட்டுக்குள்ளால் வந்தேன். வந்த வேகத்தில் கிடுகு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தது.

பின்னேரம் அவர் கதிரையில் இருந்தபடி கூப்பிட்டார்.

“இஞ்சேரும். நான் அங்கை பசிக்குச் சாப்பிடேல்லை.”

“பின்னை என்னத்துக்கு?”

“கடைக்காரனாய்ப் போனன், வெறுங்கையோட வந்தனான். அவவுக்குக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை. நான் இருந்து சாப்பிட்டால் அவவின்ர முகம் மலருது. அதுக்குச் சாப்பிட்டனான்.”

“அப்ப எனக்கு?”

“உமக்குச் சாப்பிடாமல் விட்டனான்.” சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

அன்றிரவு நான் நினைத்தது என்னவென்றால், என்னுடைய இத்தனை நாள் குழாயும் விளக்கும் எதற்கு என்பதுதான். எந்த நிறம் எந்தச் சாப்பாட்டினுடையது? பச்சையாக நின்ற நாட்களிலும் அங்கே சொதி குடித்தாரா? அவரிடம் கேட்டேன். ஞாபகமில்லை என்கிறார். நல்லெண்ணெயையும் சோள எண்ணெயையும் தேங்காயையும் தராசில் வைத்துப் பார்த்ததாக நான் நினைத்திருந்தேன். தராசின் தட்டு வேலிக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் இருக்கிறார். அவரிடம் என் பழைய கேள்வியைக் கேட்டேன். இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார்.

“அக்கா, எந்த எண்ணை எண்டாலும் எண்ணைதான். எள்ளெண்ணையும் சோளமும் தேங்காயை விடக் கொழுப்புக்கு நல்லம் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. ஆனால் ஊத்தினால் எல்லாம் உடம்பிலைதான் சேரும். குறைச்சுப் பாவியுங்கோ.”

“எவ்வளவுக்குக் குறைக்கிறது, டொக்டர்?”

“கொஞ்சமாய்.”

“திருப்பித் திருப்பிக் காய்ச்சின எண்ணை?”

“அது கூடாது. ஆனால் உங்கட அவருக்கு எண்ணை மட்டுமில்லை. சோறு, இருந்த இருப்பு, யோசினை எல்லாம் இருக்கு. இதிலை எது எவ்வளவு எண்டு என்னாலை பிரிச்சுச் சொல்ல ஏலாது. ஆளுக்காள் ஒவ்வொண்டு சொல்லுகினம்.”

தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, இன்னும் பயமாகவும் இருந்தது. ‘கொஞ்சமாய்’ என்றால் என்ன? மாமியின் கொஞ்சமும் என் கொஞ்சமும் மச்சாளின் கொஞ்சமும் ஒன்றா?

இப்போது எங்கள் குசினியில் நல்லெண்ணெய், சோளம், தேங்காய் என்று மூன்று போத்தல்களும் இருக்கின்றன. தாளிக்கும்போது நல்லெண்ணெயைத் தேக்கரண்டியால் விடுகிறேன். விட்ட பிறகு கூடிவிட்டதோ என்று பார்க்கிறேன். காணாது என்று இன்னும் ஒரு துளி விடுகிறேன். பிறகு அந்தத் துளியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொரிப்பதைக் குறைத்துவிட்டேன். கறுத்த எண்ணெயை வெளியே ஊற்றிவிட்டேன். சோற்றைப் பாதியாக்கி, முருங்கையிலையும் பயறும் கூட வைக்கிறேன். மாமியோடு ஒரு சமாதானம் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையில் மட்டும் அவர் இங்கே வந்து, என் அடுப்பில், தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பார். மற்ற நாட்களில் பொட்டுக்குள்ளால் சட்டி வரக்கூடாது. மாமி ஓம் என்றார். ஓம் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் நடக்கிறார், பாதையில் பிரச்சினை இல்லாத நாட்களில். நிறம் சில காலை பச்சை, சில காலை மஞ்சள். பாதம் விறைக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகளுக்கு ஆறு வயது. தகப்பனின் முகம், தகப்பனின் வாய். சொதியை முழங்கை வழிய வழித்து நக்குகிறாள். எள்ளுருண்டை என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாள். தகப்பன் வழியில் வந்த வருத்தம் அவளுக்கும் வருமோ என்று பார்க்கிறேன். இப்போதே தேங்காய்ப்பாலை நிறுத்தினால் வளருகிற பிள்ளை வாடிவிடுமோ என்றும் பார்க்கிறேன். ஒல்லியான கை. நேற்று அவளுடைய புட்டில் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டேன், பிறகு பாதியைத் திரும்ப எடுத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வாசிக்கிறவர்களில் வீட்டில் சலரோகமும் கொழுப்பும் உள்ள ஒருவருக்குச் சமைக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள் என்ன எண்ணெய் பாவிக்கிறீர்கள், எவ்வளவு, எத்தனை காலமாக, அவருக்கு எப்படி இருக்கிறது? ‘கொஞ்சம்’ என்பதை எதனால் அளக்கிறீர்கள்? தேங்காயைக் கைவிட்டவர்கள் அதற்குப் பதிலாகப் பீங்கானில் எதை வைத்தீர்கள், அது உதவியதா, கெடுத்ததா? ஒரே அடுப்பில் சமைத்து, பெரியவருக்கு ஒன்றும் பிள்ளைக்கு ஒன்றுமாக வைக்கிற தாய்மார் அதைப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைக்கிறீர்கள்? என் மாமியைப்போல ஒரு தாய் அருகில் இருந்தால், அவரை நோகப்பண்ணாமல் எப்படி நிறுத்தினீர்கள்? நிறுத்தத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டாலும், உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்.